அந்தச் சுருள் விளக்கு

கிள்ளானில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே இந்த டீச்சர் என்று சிரிக்காதீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும்போது தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும், நம் குளிர் அதோடு முடிந்தது. நம் வண்டிகளும் அந்தச் சூட்டுக்கே பழகியவை.

ஆனால் 2019ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில், கேமரன் மலையில், விடியற்காலை ஐந்து மணிக்கு என் தம்பியின் டீசல் வேன் கிளம்ப மறுத்துவிட்டது. உள்ளே அவனுடைய ஆறு வயது மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அன்று பட்டதையும், பட்ட பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேர் வீட்டு வாசலில் ஒரு பழைய டீசல் வேன் நிற்கிறது. விடுமுறை வந்தால் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு மலைக்குத்தான் போகிறோம்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவர் லோரி டிரைவர். பழைய பெட்ஃபோர்டு லோரி. ரப்பர் இருந்தவரை பால் ஏற்றினார். மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு குலை ஏற்றினார். எங்கள் லயத்துக்குக் கோழி கூவி விடியவில்லை, அப்பாவின் லோரி உறுமித்தான் விடியும். அந்த லோரியின் பேட்டரி எப்போதும் பாதி உயிரோடுதான் இருக்கும். புதிது கேட்டால் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஆபீசில் சொல்வார்கள். அந்த அடுத்த மாதம் வந்ததே இல்லை. அதனால் அப்பா சாயங்காலமே லோரியை ஸ்டோர் மேட்டில் முகம் கீழே பார்த்தபடி நிறுத்திவிடுவார். காலையில் பேட்டரி கைவிட்டால் பிரேக்கை விடுவார். லோரி தானாக உருளும். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் ஓர் உதறு உதறி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மேட்டில் நின்று அதைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் பிள்ளைகள் சீக்கிரம் எழுந்திருப்போம்.

தொண்ணூறுகளின் கடைசியில் தோட்டம் கைமாறியது. இன்று அந்த மேடும் இல்லை, ஸ்டோரும் இல்லை, தொழிற்சாலைகள் நிற்கின்றன. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து இன்னொரு தோட்டப் பள்ளிக்குப் போனேன். தம்பி பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலைப் பக்கம் சாப்பாட்டுக் கடை போட்டான். அப்பா அவனோடு போய்ச் சேர்ந்தார். கடைக்கு அரிசியும் காய்கறியும் ஏற்ற ஒரு பழைய டீசல் வேன் வாங்கினான். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் அவரை அந்த வேனில் சாவியைத் தொடக்கூட விடமாட்டான். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அவ்வப்போது ஒன்று சொல்லுவார். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

நாங்கள் மலைக்குப் புறப்பட்ட அன்றும் ஒன்று சொன்னார். "சாவியைப் போட்ட ஒடனே முறுக்குறியேப்பா. வெளக்கு அணையட்டுமே."

"அதெல்லாம் பழைய காலம்பா," என்றான் தம்பி. அவன் சொன்னதிலும் தப்பு தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் முறுக்கிய மறுவினாடி வண்டி கிளம்பியது.

தாப்பாவில் திரும்பி, வளைந்து வளைந்து ஏறி, பிரிஞ்சாங்குக்கு அப்பால் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். தானா ராத்தாவே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். நாங்கள் தங்கியது அதற்கும் மேலே. இரவில் பதினைந்து டிகிரி செல்சியஸ் அங்கே சாதாரணம். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் 7.8 டிகிரிவரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது.

அன்று மாலை சமையலறையில் ஒரு வேடிக்கை. எங்களுக்கு முன் தங்கியவர்கள் சன்னலோரம் ஒரு போத்தல் சமையல் எண்ணெயை விட்டுப் போயிருந்தார்கள். அடியில் வெள்ளையாக, கஞ்சி மாதிரி படிந்திருந்தது. தம்பி மனைவி கெட்டுப்போச்சு என்று கொட்டப் போனாள். அப்பா வாங்கிக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார். "கெடலம்மா. நம்ம செம்பனை எண்ணெய்தான். குளுருக்கு ஒறைஞ்சிருக்கு," என்றார். சுடுதண்ணீரில் வைத்ததும் தெளிந்துவிட்டது. அந்த எண்ணெயில்தான் அன்றைக்குப் பொரியல்.

குழந்தைக்கு நடு இரவிலேயே இளைப்பு தொடங்கியிருக்கிறது. தாய் மார்பில் போட்டுத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். உறிஞ்சும் மருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டு மேசைமேல் பத்திரமாக இருந்தது. ஐந்து மணிக்கு என்னை எழுப்பியபோது பிள்ளையின் விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுத்தது. பள்ளியில் இளைப்புப் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். இது காத்திருக்கிற இளைப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தானா ராத்தா அரசு மருத்துவமனைக்கு அதிக தூரமில்லை. ஆனால் வீடு பள்ளத்தில் இருந்தது, கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. 999க்கு அழைக்க என் கணவர் இருட்டில் மேட்டுக்கு ஓடினார்.

தம்பி சாவியை முறுக்கினான். வேன் முனகியது. மறுபடி முறுக்கினான். முனகல் நீண்டது. மூன்று, நான்கு, ஐந்து. பின்னால் வெள்ளைப் புகை சூழ்ந்துகொண்டது. டீசல் நாற்றம் மூக்கில் ஏறியது. ஒவ்வொரு முறையும் முனகல் மெலிந்துகொண்டே போனது. "இந்தச் செம்பனை டீசல்தான்க்கா! சாயங்காலம் போத்தலைப் பார்த்தீங்கல்ல, டேங்கில எல்லாம் ஒறைஞ்சுபோச்சு!" என்று கத்தினான். ஸ்டீரிங்கைக் குத்தினான். எனக்குக் கைகால் நடுங்கியது.

அப்பா போர்வையோடு இறங்கி வந்தார். வண்டிக்குப் பின்னால் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். அங்கிருந்தே சொன்னார்: "டீசல் வருதுடா. நெருப்புதான் வரல."

அப்புறம் முன்னால் வந்து, "கையை எடு. லைட்டை அணை, காத்தாடியை அணை, ரேடியோவை அணை. ரெண்டு நிமிஷம் சும்மா இரு," என்றார். பிள்ளை மடியில் திணறும்போது சும்மா இரு என்றால் யாரால் முடியும்? "அப்பா, வீடு மேட்டிலதானே இருக்கு, லோரி மாதிரி உருட்டிவிட்டா என்ன?" என்றேன் நான். "பாப்பா, அது தோட்டத்து மேடு. இது மலை. இன்ஜின் ஓடாட்டி பிரேக்கும் இறுகும், ஸ்டீரிங்கும் இறுகும். இருட்டுல பள்ளத்துக்கு விடப் பாக்குறியா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"இப்ப சாவியைப் பாதி திருப்பு. முறுக்காத. சுருள் வெளக்கு எரியுதா? அணையட்டும். அணைஞ்சுதா? சாவியை எடு. மறுபடி பாதி திருப்பு." இப்படி மூன்று முறை. மூன்றாம் முறை விளக்கு அணைந்ததும், "இப்ப முறுக்கு, விட்டுறாத," என்றார். ஒரு சிலிண்டர் மட்டும் தட்டியது. வண்டி முடவன் நடப்பதுபோல் குலுங்கியது. இரண்டாவது சேர்ந்துகொண்டது. பிறகு நான்கும் ஓடின. கணவர் மேட்டிலிருந்து இறங்கி வரும்போது வேன் வெளிச்சம் போட்டுக்கொண்டு எதிரே வந்தது. இருபது நிமிடத்தில் குழந்தையின் முகத்தில் மருந்துப்புகை முகமூடி. விடிந்தபோது அவள் ரொட்டி கேட்டாள்.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும் அல்லவா? காற்றை நெருக்கினால் சூடேறும். டீசல் இன்ஜினின் சூட்சுமம் இதுதான். பெட்ரோல் வண்டிபோல் அதில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறிய அந்தக் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897இல் ஓட்டிக்காட்டிய இன்ஜின் இது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் இதே வகை இன்ஜின் ஒன்றை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டினார்களாம். கடலை எண்ணெய் என்றதும் என் வகுப்பே சிரித்தது.

இரவெல்லாம் குளிரில் கிடந்த இரும்பு, நெருக்கிய காற்றின் சூட்டைக் குடித்துவிடுகிறது. மலை உயரத்தில் காற்றும் மெலிவு. 1,440 மீட்டரில் கடற்கரையைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்றை நெருக்கினால் கிடைக்கும் சூடும் குறைவு. குளிரில் இன்ஜின் எண்ணெய் கெட்டியாகிறது. பேட்டரியின் பலமும் தளர்கிறது. பேட்டரி மெதுவாகச் சுற்றினால் காற்று நெருங்குவதற்குள் சூடு கசிந்துபோகிறது. ஒன்றின் தலையில் ஒன்று ஏறிக்கொள்கிற கதைதான்.

இதற்காகத்தான் சிறிய டீசல் இன்ஜின்களில் சிலிண்டருக்கு ஒன்றாகக் குளோ பிளக் வைத்திருக்கிறார்கள். பட்டறையில் ஹீட்டர் பிளக் என்பார்கள். அது ஒரு சிறிய கம்பி. மின்சாரம் பாய்ந்ததும் பழுக்கச் சிவந்து, பீய்ச்சிய டீசலுக்கு நெருப்பு காட்டுகிறது. மஞ்சளாகச் சுருள்போல் எரிகிற அந்த விளக்கு அணையும்வரை பொறுப்பது இதற்காகத்தான். பழைய வேன்களில் தனியே ஒரு சிறு அறைக்குள் டீசல் பற்றும். அந்த அறைச் சுவர் சூட்டை நிறையத் தின்றுவிடும். ஆகவே அவற்றுக்கு இந்தப் பிளக் இல்லாமல் குளிரில் வழியே இல்லை.

மலையிலிருந்து இறங்கிய வாரம் தம்பி பட்டறையில் கழற்றிப் பார்த்தான். நான்கு பிளக்கில் இரண்டு செத்துக் கிடந்தன, மூன்றாவது அரை உயிர். பேட்டரிக்கு நான்கு வயது. எத்தனை மாதமாக இப்படி ஓடிக்கொண்டிருந்ததோ! பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் இரும்பே சூடாகத்தானே கிடக்கிறது. ஒரு பிளக்கும் இல்லாமல்கூட முனகிக் கிளம்பிவிடும். போன மாதம்தான் இன்னொரு பட்டறையில் "எல்லாம் பார்த்தாச்சு, மலைக்குத் தாராளமா போகலாம்" என்று காசு வாங்கியிருந்தார்கள். பிளக்கை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. பேட்டரியும் அதே கதை. அதன் ஆயுளைத் தின்பது நம் ஊர்ச் சூடு. அது செத்ததைக் காட்டிக்கொடுப்பது மலைக் குளிர்.

செம்பனை டீசல் மேல் தம்பி போட்ட பழிக்கு வருகிறேன். எனக்கு அது உறுத்தியது. அப்பா முதுகொடிய ஏற்றிய குலை அல்லவா? அந்த 2019ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்துதான் நம் நாட்டில் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கட்டாயமாகக் கலக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஏழு விழுக்காடு. எண்ணெயை அப்படியே ஊற்றுவதில்லை. மெத்தனால் சேர்த்து இளக்கிய பொருள் அது. அதுவும் தனியாக இருந்தால் பதினைந்து டிகிரி வாக்கில் கலங்கத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் பத்தில் ஒரு பங்குதான் அது. மீதி ஒன்பது பங்கான தரைக்கடி டீசலிலும் மெழுகு உண்டு. குளிரில் அதுவும் உறையக்கூடியதே. எப்படியானாலும் அன்று வடிகட்டி அடைத்திருந்தால் டீசல் வந்திருக்காது. டீசல் வராவிட்டால் வெள்ளைப் புகை ஏது? பற்றாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வெளியே வருகிறது. மங்கிய கண்ணோடு அப்பா மூக்கால் கண்டுபிடித்தது இதைத்தான். தம்பியிடம் இதை விளக்கியபோது, "சரிக்கா, செம்பனைமேல தப்பில்ல," என்று ஒப்புக்கொண்டான். அப்பா காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

டீசல் நிஜமாகவே உறைகிற இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. இந்தியாவின் லடாக்கில் குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே முப்பது டிகிரிவரை போகும். அங்கே லோரிக்காரர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்து சமாளித்து வந்தார்கள். நாங்கள் மலைக்குப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2019 நவம்பரில்தான், இந்தியன் ஆயில் நிறுவனம் பானிப்பட் ஆலையில் செய்த குளிர்கால டீசலை அங்கே விற்பனைக்கு விட்டது. மைனஸ் 33 டிகிரிவரை உறையாதாம். கனடாவில் கடுங்குளிர் மாநிலங்களில் இருக்கும் நம் தமிழர்கள் இரவில் காரைக் கைத்தொலைபேசி மாதிரி மின்சாரத்தில் சொருகிவிட்டுத் தூங்குகிறார்கள். இன்ஜினைச் சூடாக வைக்கிற கருவி உள்ளே இருக்கிறது. நமக்கு அந்தப் பாடு இல்லை. நம்முடைய பதினைந்து டிகிரிக்கு நல்ல நிலையில் இருக்கிற எந்த டீசல் வண்டியும் கிளம்பியே ஆகவேண்டும். கிளம்பாவிட்டால் குறை குளிரில் இல்லை, வண்டியில்.

மலைக்குப் போகும் முன் குளோ பிளக் ஒவ்வொன்றையும் சோதிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பத்து நிமிட வேலை. பேட்டரியை அதற்கான கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்ன் அடிக்கிறது என்பது அத்தாட்சி ஆகாது. இன்ஜின் எண்ணெய் டின்னில் 15டபிள்யூ-40 என்றிருக்கும். அந்த டபிள்யூ 'விண்டர்' என்ற சொல்லின் முதலெழுத்து, அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் இளகலாக இருக்கும். இத்தனை வருடம் அப்பாவின் காலி டின்னில் துளசி வளர்த்தும் எனக்கு இது தெரியாது. முறுக்கும்போது பத்து விநாடிக்கு மேல் முறுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கருகும். ஒரு நிமிடம் விட்டு முறுக்குங்கள். கிளம்பிய உடனே ஆக்சிலேட்டரை மிதித்து அலறவிடவும் வேண்டாம். ஒரு நிமிடம் ஓடவிட்டு மெதுவாக நகர்த்தினால் போதும்.

இன்னொன்று. காற்றுக்குழாயில் அடித்தால் சட்டென்று கிளம்பும் என்று ஈத்தர் ஸ்ப்ரே விற்கிறார்கள். தம்பியின் சிநேகிதர் ஒருவரும் அதைத்தான் சொன்னார். குளோ பிளக் உள்ள வண்டியில் அடிக்கவே கூடாது. பழுத்த கம்பிமேல் அது பட்டால் உள்ளேயே வெடித்து இன்ஜினை உடைத்துவிடும். ஆளுக்கும் காயம் வரும்.

இறங்கி வந்த கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் சொன்னதும் அன்று மத்தியானமே புறப்பட்டோம். வளைவுக்கு வளைவு தம்பி பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். டயர் பக்கமிருந்து கருகல் வாடை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வளைவில் தம்பியே திரும்பி, "எந்த கியர்லப்பா?" என்று கேட்டான். "ஏறுன கியர்ல எறங்கு," என்றார். இரண்டாம் கியரில் இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்த, பிரேக்குக்கு வேலை பாதியாகக் குறைந்தது. வாடையும் நின்றது.

தாப்பாவில் சாப்பிட இறங்கினோம். அனல் அடித்தது. குழந்தை ஓடி விளையாடினாள். ஒரு மணி நேரம் கழித்து ஏறியபோது, தம்பி பழக்கதோஷத்தில் சாவியைப் போட்டதும் முறுக்கிவிட்டான். வேன் ஒரே உறுமலில் கிளம்பியது.

"பாத்தீங்களாப்பா? ஒன்னுமேயில்ல, நல்லாத்தான் இருக்கு!"

"வெயிலுக்கு வந்துட்டோம்ல," என்றார் அப்பா, கண்ணை மூடியபடியே.